மைசூரின் பசுமை யார் வைத்தது?

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



"நகரங்களில் இயற்கையின் பயன்கள்" என்ற தலைப்பில் அரை மணி நேரம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் தாவரவியல் படித்தவனில்லை. பேங்க்கில் லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவன். மரம் நல்லது, பார்க் நல்லது, காலை வாக்கிங் நல்லது என்று சொல்வதற்கு அரை மணி நேரம் தேவையில்லை. அதை மறுப்பவர் இந்த ஹாலில் யாரும் இல்லை. ஆகவே நான் கணக்கு எழுதியவன் பார்வையில் வேறொரு கேள்வி கேட்கலாம் என்றிருக்கிறேன். மைசூரின் இந்தப் பசுமை யார் போட்ட முதல்? அதை இப்போது யார் எடுத்துச் செலவழிக்கிறார்கள்?

சென்னையிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ வரும் நம் உறவினர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் சொல்லும் முதல் வாக்கியம், "உங்க ஊருக்கென்ன, இயற்கையிலேயே குளிர்ச்சி" என்பதுதான். பாதி உண்மை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம்; அது பகவான் கொடுத்தது. மீதிப் பாதி மனிதர்கள் செய்தது. இந்த ஊருக்குள் ஆறு கிடையாது. மழையும் அப்படியொன்றும் கொட்டித் தீர்ப்பதில்லை. விழுகிற மழையைப் பிடித்து நிறுத்தத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள், அவ்வளவுதான்.

லிங்காம்புதி ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1828-ல் தம் ராணி லிங்காஜம்மணி பெயரால் வெட்டியது. குக்கரஹள்ளி ஏரி 1864-ல் அதே மகாராஜா காலத்தில், ஊருக்கு வெளியே இருந்த வயல்களின் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. அதற்கு நீர் கொண்டுவந்த வாய்க்காலின் கதை இன்னும் பழையது. காவிரித் தண்ணீரை மைசூருக்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று திவான் பூர்ணய்யா ஒரு கால்வாய் வெட்ட ஆரம்பித்தார். அது முடியவில்லை. ஆனால் பாதியில் நின்ற அந்தக் கால்வாய், வழியிலுள்ள மேட்டு நிலங்களின் மழைநீரைத் திரட்டி ஏரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. நினைத்த காரியம் நடக்காவிட்டாலும் வேறு ஒரு நல்ல காரியம் நடந்தது. இப்போது அந்தக் கால்வாய் பல இடங்களில் தூர்ந்தும், வீடுகளுக்கு அடியிலும் கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் சாக்கடையோடு போகிறது. ஏரிக்கு வரவேண்டியது வருவதில்லை, வரக்கூடாத கழிவுநீர்தான் அவ்வப்போது வந்து சேர்ந்திருக்கிறது.

இல்லாமல் போன ஏரிகளையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். தசரா எக்ஸிபிஷன் நடக்கிற இடத்துக்குத் தொட்டகெரே மைதானம் என்று பெயர். தொட்ட கெரே என்றால் பெரிய ஏரி. சுதந்திரப் போராட்ட வீரர்கள் பார்க் இருக்கும் இடம் சுப்பராயன கெரே. கிரிக்கெட் ஆடும் ஜே.கே. கிரவுண்ட்ஸின் ஜே.கே.வுக்கு விரிவு ஜீவராயன கட்டே. கெரே, கட்டே என்று பெயரில் இருக்கிறதே, தண்ணீர் எங்கே என்று பேரக் குழந்தைகள் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? மைதானமாகவாவது இருக்கின்றனவே, கட்டிடமாகவில்லையே என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தண்ணீர் இருந்த காலத்தில் அதைச் சுற்றியிருந்த கிணறுகளில் தண்ணீர் ஊறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து வந்தது பிளேக். 1890-களின் இறுதியில் பம்பாயிலிருந்து பரவி மைசூர் சமஸ்தானத்தையும் பிடித்துக்கொண்ட அந்த நோயைப் பற்றி நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி, வெளிச்சமும் காற்றும் புகாத சந்துகளில் ஜனங்கள் மடிந்தார்கள். அதன் விளைவாக 1903-ல் மைசூரில் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு ஏற்பட்டது. இந்தியாவில் இப்படி ஏற்பட்ட அமைப்புகளில் மிகப் பழையவற்றில் ஒன்று இது. சாமராஜபுரம், லக்ஷ்மீபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம் போன்ற பேட்டைகள் விரிந்தது அந்தக் காலகட்டத்தில்தான். அகலமான ரோடு, ரோட்டுக்கு இரு பக்கமும் மரம், வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் காலியிடம், பேட்டைக்கு ஒரு பார்க். இவையெல்லாம் அழகுக்காக மட்டும் செய்யப்பட்டவை அல்ல. காற்றும் வெளிச்சமும் இல்லாமல் மனிதர்கள் செத்ததைப் பார்த்துவிட்டுச் செய்தவை. நம்மில் பலர் வாசலில் மாக்கோலமும் கொல்லையில் மாமரமுமாக அனுபவித்த வீடுகளுக்கு அடியில் இருப்பது ஒரு கொள்ளை நோய் கற்றுக்கொடுத்த பாடம்.

அப்போது இவர்களுக்கு விஞ்ஞான ஆராய்ச்சி எதுவும் கையில் இல்லை. இப்போது இருக்கிறது. இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, நம் வயதினருக்கு மிகவும் சம்பந்தப்பட்டது. ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1984-ல் ஸயன்ஸ் பத்திரிகையில் வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரி. பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களின் 1972 முதல் 1981 வரையிலான ரிக்கார்டுகளை எடுத்தார். ஒரே மாதிரி வார்டு, ஒரே மாதிரி ஆபரேஷன். வித்தியாசம் ஜன்னல் மட்டும். சில அறைகளின் ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. சிலவற்றில் செங்கல் சுவர். வயது, ஆண் பெண், பழக்கவழக்கம் எல்லாம் பொருந்தும்படி 23 ஜோடி நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆயிற்று. முக்கால் நாள்தானே என்று தோன்றலாம். ஆனால் மரம் பார்த்தவர்கள் வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். நர்ஸுகள் எழுதிய குறிப்புகளிலும் அவர்களைப் பற்றிய புகார் குறைவு. ஆபரேஷனுக்குப் பிறகு புலம்பாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மரத்தை அவர்கள் தொடவில்லை, அடியில் போய் உட்காரவில்லை. படுத்தபடியே பார்த்தார்கள்.

ஜன்னல் என்றதும் நம் ஆர்.கே. நாராயண் ஞாபகம் வருகிறது. யாதவகிரியில் அவர் கட்டிக்கொண்ட வீடு 2016 முதல் நினைவு இல்லமாக இருக்கிறது; பார்க்காதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், நம்மில் பாதிப் பேர் இன்னும் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அங்கே எழுதுவதற்கென்று எட்டு ஜன்னல்கள் வைத்த ஓர் அறையை அமைத்துக்கொண்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு காட்சி. தெற்கே சாமுண்டி மலை, சுற்றிலும் மேய்ச்சல் நிலம், தூரத்தில் ரயில். கடைசியில் வேடிக்கை பார்ப்பதிலேயே பொழுது போய், எழுத்து ஓடவில்லை. ஒரு பெரிய சாம்பல் நிறத் திரை போட்டு மூடிக்கொண்டுதான் எழுதினாராம்! இதை அவரே எழுதியிருக்கிறார். இன்று யாதவகிரியில் அப்படித் திரை போட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பக்கத்து அபார்ட்மெண்டே திரையாக நிற்கிறது.

இரண்டாவது ஆராய்ச்சி நம் பக்கத்து ஊர், பெங்களூரில் செய்தது. ஹரிணி நாகேந்திராவும் அவருடன் வேலை செய்தவர்களும் 2013-ல் வெளியிட்டது. மரமுள்ள ரோட்டுப் பகுதியையும் மரமில்லாத பகுதியையும் எடுத்துக்கொண்டு அளந்து பார்த்தார்கள். பிற்பகலில் மர நிழலில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி செல்ஷியஸ் வரை குறைவு. தார் ரோட்டின் மேற்பரப்போ 27.5 டிகிரி வரை குறைவு. கந்தக டையாக்ஸைடு என்ற புகை நஞ்சு 65 சதவீதம் வரை குறைந்திருந்தது. ஏ.ஸி. மெஷின் அறையைக் குளிர வைத்துச் சூட்டைத் தெருவில் தள்ளுகிறது. மரம் அப்படிச் செய்வதில்லை. வெயிலைத் தன் இலையில் தாங்கிக்கொள்வது ஒன்று. வேரால் உறிஞ்சிய தண்ணீரை இலை வழியாக ஆவியாக விடுவது இன்னொன்று. மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே தத்துவம். பானை காய்ந்துவிட்டால் தண்ணீர் குளிராது. அதுபோல வேருக்கு ஈரம் போகாமல் சுற்றிலும் ஸிமெண்ட் பூசிவிட்டால் மரத்தாலும் அந்தக் காரியத்தைச் சரியாகச் செய்ய முடியாது.

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை விசாரித்து 2019-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். வாரத்துக்கு 120 நிமிஷமாவது பார்க், தோப்பு, ஏரிக்கரை என்று போய்வருபவர்கள், போகாதவர்களைவிடத் தங்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் போனாலும் சரி, பிரித்துப் போனாலும் சரி. உடம்பு நன்றாக இருப்பவர்தானே வெளியே போவார் என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஆராய்ச்சி ஒன்று மட்டும் அதற்கு முழுப் பதில் சொல்லிவிடாது. ஆனாலும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்ற மருந்துச் சீட்டில் பக்க விளைவு எதுவும் இல்லை, காசும் கிடையாது.

விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மாமிகள் கோபித்துக்கொள்ளக்கூடாது. அரசமரம் ராத்திரியிலும் பிராணவாயு விடும், அதனால்தான் முன்னோர்கள் பிரதக்ஷிணம் செய்யச் சொன்னார்கள் என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது. அப்படிக் கிடையாது. எந்த மரமும் பிராணவாயுவைப் பகல் வெளிச்சத்தில்தான் வெளிவிடும். ராத்திரியில் அதுவும் நம்மைப் போலத்தான் சுவாசிக்கிறது. அமாசோமவாரத்தன்று 108 பிரதக்ஷிணம் செய்வதற்கு இந்தச் சாக்கு தேவையே இல்லை. பக்திக்காகச் செய்கிறோம். கூடவே நிழலில் ஒரு மணி நேரம் நடக்கிறோம், நாலு பேரோடு பேசுகிறோம். அது போதாதா? அரசுக்கு உபநயனம் செய்து, வேம்போடு விவாஹமும் செய்து வைத்த ஜனங்கள் நாம். மரத்தை வீட்டு மனுஷராக வைத்துக்கொள்ள நமக்கு ஆக்ஸிஜன் கணக்கு வேண்டியதில்லை.

இனி குக்கரஹள்ளிக்கு வருகிறேன். நான் தினமும் போகிற இடம் என்பதால் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கரையில் நடந்தவர்களின் வரிசை பெரிது. மானஸகங்கோத்ரி என்று பல்கலைக்கழக வளாகத்துக்குப் பெயர் வைத்த குவெம்பு அங்கே நடந்தவர். ஆர்.கே. நாராயண், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறாமல் ஒரு வருஷம் சும்மா இருந்தபோது, புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த ஏரிக்கரைக்குப் போய்க் கவிதை படித்துக்கொண்டிருந்தவர். பரீட்சையில் கோட்டை விட்ட பையனுக்கு வீட்டில் உட்கார இடம் இருக்காது. ஊர் ஓர் இடம் வைத்திருந்தது. நம் வீட்டுப் பையன்கள் தேறாமல் போனால் இப்போது எங்கே போய் உட்காருவார்கள்? மாலில் உட்கார்ந்தால் காபிக்கே கணிசமாகச் செலவாகும்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு அங்கே போனால் சின்னத் தீவுகளின் மரங்களில் கூழைக்கடாக்களும் நாரைகளும் நீர்க்காகங்களும் உட்கார்ந்திருக்கும். கூழைக்கடா தண்ணீரில் இறங்குவது ஆகாய விமானம் இறங்குவது போலவே இருக்கும், கொஞ்சம் அசடு வழிய. ஆனால் நான் பறவையைவிட மனிதர்களையே அதிகம் கவனிக்கிறேன். பிள்ளை அமெரிக்காவில், பெண் ஆஸ்திரேலியாவில், வீட்டில் இரண்டே பேர் அல்லது ஒருவர். ராத்திரி முழுக்கப் பேச ஆளில்லாமல் இருந்தவர் காலையில் இந்த பெஞ்சுக்கு வருகிறார். பெஞ்சில் கன்னடக்காரர், தமிழர், உருது பேசுபவர், ரிட்டயர்டு ஜட்ஜ், ரிட்டயர்டு டிரைவர் எல்லாரும் உண்டு. ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் யாராவது ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அப்படித் தட்டியதால் பாத்ரூமில் விழுந்து கிடந்த ஒரு பெரியவரைச் சரியான நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் இப்போது மீண்டும் நடக்க வருகிறார், கைத்தடியோடு. சர்க்கரை குறைந்தது, ரத்த அழுத்தம் குறைந்தது என்பதையெல்லாம் டாக்டர் அளந்து சொல்லுவார். கதவைத் தட்ட ஓர் ஆள் இருப்பதை எந்த மீட்டரில் அளப்பது?

நம் நகரத்து பார்க்குகளைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. பல பார்க்குகளைக் காலை பத்து மணிக்குப் பூட்டிவிட்டு மாலையில்தான் திறக்கிறார்கள். வெயில் கொளுத்தும் நேரத்தில் நிழல் தேவைப்படுபவர் யார்? வீட்டில் ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கும் நாமா? தள்ளுவண்டிக்காரரும், கட்டிட வேலை செய்பவரும், டெலிவரி பையனும்தான். புல்தரையில் உட்காரக்கூடாது என்ற போர்டும், பாதி இடத்துக்கு ஸிமெண்ட் கல் பாவுவதும், மிஞ்சிய இடத்தில் உடற்பயிற்சி மெஷின் வைப்பதும் பார்க் ஆகாது. என்னைக் கேட்டால், பத்து வேம்பும் நாலு பெஞ்சும் பூட்டாத ஒரு கேட்டும் போதும்.

சரி, கணக்கின் செலவுப் பக்கத்துக்கு வருவோம். 2021-ல் லலித மஹால் அருகே ஹெலிகாப்டர் தளத்துக்காக ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டும் யோசனை வந்தது. ஊர் ஜனங்கள் எதிர்த்தார்கள், யோசனை கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் ஹைதர் அலி ரோட்டை அகலப்படுத்துவதற்காக நாற்பது பெரிய மரங்கள் வெட்டப்பட்டன. விடிந்து பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். எதிர்ப்பு எழுந்தது, வெட்டுப்பட்ட இடத்தில் கூடி மெழுகுவத்தி ஏற்றி அஞ்சலியும் செலுத்தினார்கள். முன்கூட்டித் தெரிந்தால் தடுக்க முடிகிறது, தெரியாவிட்டால் அஞ்சலி செலுத்தத்தான் முடிகிறது.

இந்த இரண்டும் பேப்பரில் வந்தவை. பேப்பரில் வராத கணக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் சுற்றி வந்தேன்.

நான் குடியிருக்கும் தெருவில் முன்பெல்லாம் ரோட்டோரம் நின்ற மரங்களைவிடக் காம்பவுண்டுகளுக்குள் நின்ற மரங்களே அதிகம். மா, பலா, தென்னை, வேம்பு, சம்பங்கி, நெல்லி, கறிவேப்பிலை. இவற்றுக்காக யாரும் மெழுகுவத்தி ஏற்றவில்லை. ஒவ்வொரு வீடாக விற்றபோது, அல்லது ஜாயிண்ட் டெவலப்மெண்டுக்குக் கொடுத்தபோது, ஜே.ஸி.பி. வந்து ஒரே பகலில் வழித்துக்கொண்டு போயிற்று. விற்றவர்கள் யார்? கெட்டவர்கள் அல்ல. நம்மைப் போன்றவர்கள். எழுபத்தைந்து வயதில் அந்தப் பெரிய வீட்டைப் பெருக்கித் துடைக்க முடியவில்லை, பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை, பாகம் பிரிக்க வேண்டியிருக்கிறது. விற்கக்கூடாது என்று சொல்ல எனக்கோ உங்களுக்கோ உரிமை கிடையாது.

ஆர்.கே. நாராயணின் மால்குடி டேஸ் தொகுப்பில் "கோடரி" என்று ஒரு சிறுகதை உண்டு. வேலன் என்ற தோட்டக்காரன் ஒரு பெரிய பங்களாவின் தோட்டத்தை ஆயுள் முழுவதும் வளர்க்கிறான். சின்னக் குச்சியாக அவன் நட்ட வேப்பங்கன்று பெரிய மரமாகிறது. எஜமான் காலம் முடிந்தபின் வாரிசுகள் விற்கிறார்கள். வாங்கிய கம்பெனி மனைகளாகப் பிரிக்கத் தீர்மானிக்கிறது. மரம் வெட்ட ஆட்கள் வந்ததும், தான் காதுக்கு எட்டாத தூரம் போகும்வரையாவது பொறுங்கள் என்று வேலன் கேட்டுக்கொண்டு மூட்டையோடு கிளம்புகிறான். பல வருஷங்களுக்கு முன் எழுதிய கதை. நம் தெருவில் நடப்பதை அப்படியே பார்த்து எழுதியது போல இருக்கிறது. கதையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மரத்தின் மேல் பிரியம் வைத்தவனிடம் பத்திரம் இல்லை. பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு மரத்தைப் பற்றிக் கவலை இல்லை. நம்மிடம் இரண்டும் இருக்கிறது, பிரியமும் பத்திரமும்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு மாமி. பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மாமா காலமானபின் வீட்டை பில்டருக்குக் கொடுக்கத் தீர்மானித்தார். கொல்லை மூலையில் மாமியார் காலத்து வேப்பமரம். அக்ரிமெண்ட் போடும்போது மாமி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: மரம் நிற்க வேண்டும். பில்டர் சிரித்தாராம். வாஸ்து சரியில்லை என்றார், கார் நிறுத்த இடம் போய்விடும் என்றார், பார்க்கலாம் என்றார். மாமி, "பார்க்கலாம்ங்கறதெல்லாம் வேண்டாம், எழுத்துல போடுங்கோ" என்றார். கட்டிடத்தைச் சுற்றி விட்டே ஆகவேண்டிய காலியிடம் எப்படியும் உண்டு அல்லவா? மரம் பெரும்பாலும் அதற்குள்தான் நின்றது. இரண்டு கார் நிறுத்தும் இடத்தை மாற்றிப் போட்டார்கள். அடிமரத்தைச் சுற்றி ஆறடிக்கு ஸிமெண்ட் பூசாமல் மண்ணாக விட்டார்கள். பில்டருக்கு நஷ்டம் ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கத்து ஃப்ளாட்டுகளே முதலில் விற்றுப்போயின என்று அவரே பிறகு சொன்னாராம். மாமி இப்போது இரண்டாம் மாடியில் இருக்கிறார். முன்பு அண்ணாந்து பார்த்த மரத்தின் பூ இப்போது கைக்கு எட்டும் தூரத்தில், பால்கனிக்கு நேரே பூக்கிறது. வருஷப் பிறப்புக்கு எங்கள் ஆத்துக்கு வேப்பம்பூ அங்கிருந்துதான் வருகிறது.

எல்லா மரத்தையும் இப்படிக் காப்பாற்ற முடியாது. கட்டிடத்துக்கு நடுவில் நிற்கிற மரம் போகத்தான் செய்யும். மரத்தோடு வாழ்வதில் கஷ்டமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இலை உதிரும், தினமும் பெருக்க வேண்டும், வேலைக்காரம்மா முணுமுணுப்பார். வேர் சாக்கடைக் குழாயில் புகும். ஏப்ரல், மே மாதப் புயல்மழையில் கிளை முறிந்து காரின் மேல் விழும். பயம் நியாயமானதுதான். ஆனால் எல்லா மரமும் ஒன்றல்ல. குல்மோஹரும் தூங்குமூஞ்சியும் சீக்கிரம் வளரும், சீக்கிரம் முறியும். ஜன்னலை ஒட்டி வைக்க வேண்டிய மரங்கள் அல்ல. புங்கம், கன்னடத்தில் ஹொங்கே, நம் ஊர் மண்ணுக்கும் காற்றுக்கும் பழகியது, அளவோடு வளரும். வேம்பு வேரூன்றி நிற்கும். மின்கம்பிக்காக ஒரே பக்கத்துக் கிளைகளை மட்டும் வெட்டித் தள்ளினால் எந்த மரமும் மறுபக்கம் சாயத்தான் செய்யும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததே, விழுந்து கிடந்தவற்றில் எத்தனையோ மரங்களுக்கு வேர் பரவ இடமே இருந்திருக்கவில்லை. ஒரு பக்கம் தார், மறுபக்கம் பிளாட்பாரம். காலைக் கட்டிப்போட்டுவிட்டு ஓடவில்லையே என்று குறை சொல்வது போல.

நம் கோயில் பிராகாரங்களிலும் இதே கதை. உபயதாரர் பெயர் பொறித்த கிரானைட் கல்லை அரசமரத்தின் அடிவரைக்கும் பாவியிருக்கிறார்கள். வில்வத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் வழிந்து சாக்கடைக்குப் போகிறது. அடுத்த முறை கல் பாவ உபயம் கேட்டு வந்தால், மரத்தைச் சுற்றி மண் விடுவதானால் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். உபயதாரர் சொன்னால் கேட்பார்கள்; நான் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976 என்று ஒன்று இருக்கிறது. நம் சொந்தக் காம்பவுண்டுக்குள் நிற்கும் மரமானாலும் வெட்டுவதற்கு மர அதிகாரியின் அனுமதி வேண்டும். தென்னை, சவுக்கு, ஸில்வர் ஓக் போன்ற சில இனங்களுக்கு மட்டும் விலக்கு. என் வீடு, என் மரம், யாரைக் கேட்க வேண்டும் என்று நம்மவர்களே கேட்கிறார்கள். கேட்டுத்தான் ஆகவேண்டும். பில்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டால், பத்திரம் மாறும்வரை நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

கடைசியாக ஒரு விஷயம். அந்த மாமி தம்முடைய அக்ரிமெண்டில் மரம் பற்றிச் சேர்த்த பத்தியைப் பெயர், முகவரி நீக்கி எனக்குக் கொடுத்திருக்கிறார். மரத்தின் இனம், நிற்கும் இடம், அடிமரத்தின் சுற்றளவு, சுற்றிலும் விடவேண்டிய மண், வேலை நடக்கும்போது தடுப்பு கட்டுவது, மீறினால் என்ன என்பது வரை எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கிறது. நம் உறுப்பினரான ஒரு வக்கீல் படித்துப் பார்த்து இரண்டு வார்த்தை திருத்தியிருக்கிறார். இங்கிலீஷிலும் கன்னடத்திலும் முப்பது பிரதிகள் கொண்டுவந்திருக்கிறேன்; காபி கொடுக்கும் மேஜையில் வைத்திருக்கிறது. வீடு விற்கும் யோசனை இருப்பவர்கள் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். யோசனை இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்காக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். போதாவிட்டால் செயலாளரிடம் சொன்னால் இன்னும் அடித்துத் தருவார்.